இடது காலை மட்டும்

6 அக்., திங்கள்

விடியும்போதே சாரல். துணி காயாது. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். இவருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது.

நேற்றுக் குளிப்பாட்டிய நாய் இன்று சேற்றில். பெயர் பிரின்ஸ். மண்டைக்காடு போகிற வழியில் பஸ் ஸ்டாப்பில் கிடந்த குட்டியை மகன் தூக்கிவந்து பெயரும் சூட்டிவிட்டுக் குவைத்துக்குப் போய்விட்டான். ராஜவம்சத்துக்குச் சோறு பொங்குவது நான். இனி பி. என்று எழுதினால் போதும், முழுப்பெயர் எழுத அதற்குத் தகுதியில்லை.

சாயங்காலம் வழக்கமான நாடகம். இவர் நாற்காலியில் காலை நீட்டுவார். பி. ஓடிவந்து நக்கும். "ஏலே, கூசுது, விடுலே" என்று கெக்கெக்கே சிரிப்பு. பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் ஒரு பயணியிடமும் பல்லைக் காட்டாத மனிதர்.

"பாத்தியா ஏட்டி, நன்றியுள்ள சீவன்."

நன்றியாம். சோறு போடுகிற எனக்கு ஏன் இல்லை அந்த நன்றி? நக்க வந்தாலும் விடமாட்டேன், அது வேறு விஷயம்.

7 அக்., செவ்வாய்

கறிவேப்பிலை கேட்டுப் பக்கத்து வீட்டுத் தங்கம் அக்கா. கேட்டதோடு போகவில்லை. பி. நக்குவதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தாள்.

"அது முத்தமாக்கும் டீச்சரே. பாசம் கூடுனா அப்படித்தான் நக்கும். எனக்க மருமவ வீடியோ காட்டினா."

அந்த மருமகள் மாமியாருக்கு ஒரு தம்ளர் சுக்குவெந்நீர் வைத்துக் கொடுத்ததில்லை. நாய்ப் பாசத்தில் பண்டிதை.

நானும் போனில் தேடினேன். பாசம். வியர்வை உப்பு. சாப்பாட்டு மணம். குட்டியில் தாயின் வாயை நக்கிய பழக்கம். பொழுது போகாமை. புண் இருந்தால் அதையும் நக்குமாம். இத்தனையும் வாசித்துக் காட்டினேன். இவர் முதல் காரணத்தோடு காதை மூடிக்கொண்டார். நான் உப்புக் கட்சி. மீன் குழம்பைக் காலில் சிந்திவிட்டு அப்படியே எழுந்து போகிறவருக்கு வேறென்ன காரணம் வேண்டும்.

9 அக்., வியாழன்

மழை விட்டது. நல்ல சாளை மீன் கிடைத்தது. பாதி குழம்பு, பாதி பொரியல்.

சோதனை: சாப்பிட்டதும் இவரை இரண்டு காலையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். "எதுக்குட்டி?" "சும்மா." முணுமுணுத்துக்கொண்டே கழுவினார். பி. வந்தது. பழையபடி இடது காலையே நக்கியது. வலது காலை மோந்துகூடப் பார்க்கவில்லை. உப்பும் இல்லை, சாளையும் இல்லை. என் கட்சி தோற்றது.

பாசமென்றால் ஒரு காலில் மட்டுமா இருக்கும்? கேட்டேன்.

"அது ராசியான காலாக்கும். பஸ்ல முதல்ல வைக்குற காலு."

இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் மூன்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்.

11 அக்., சனி

மகன் வீடியோவில். எனக்கு ஒரு 'சாப்பிட்டியாம்மா'. மீதி நேரமெல்லாம் நாயோடு. கடைசியில் அப்பாவிடம், "செக்கப்புக்குப் போனியளா?"

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

இவருடைய அண்ணன் ஒரு கொப்புளத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் வந்ததிலிருந்து இவருக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது. மாத்திரை மட்டும் போதுமாம். அதையும் நான் எடுத்துக் கொடுத்தால்தான். வீரர்.

பால்காரர் வரவில்லை. கட்டன்சாயா.

12 அக்., ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கு அவித்தேன். இறைச்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நான். இவர் டி.வி.யில் கிரிக்கெட். காலடியில் பி., இடது காலை நக்கிக்கொண்டு.

சிரிப்புச் சத்தமே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். விரலிடுக்கில் நாக்கை விட்டு நக்குகிறது, முன்பல்லால் சுரண்டுகிறது. இவர் முகத்தில் ஓர் அசைவு இல்லை. கண் பந்தில். விளம்பரம் வந்தது. குனிந்தார், நாயைக் கண்டார். உடனே, "ஏலே, கூசுது, விடுலே." கெக்கெக்கே.

பார்த்தபிறகுதான் கூசுமா ஒரு மனிதனுக்கு?

கத்தியைப் போட்டுவிட்டுப் போய்க் காலை இழுத்துப் பிடித்தேன். சுண்டுவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே குழி. ஓரம் வெளுத்து, நாற்றத்தோடு. வடிந்ததையெல்லாம் நாய் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறது, தரையில் ஒரு கறைகூட விழாமல்.

"எப்ப இருந்து உணர்வு இல்ல?"

"கொறச்சு மரப்புதான். நாய்க்க நாக்குல மருந்து இருக்குன்னு சொல்லுவாவல்லா. ஆறிரும்னு நெனச்சேன்."

ஆக, தெரிந்திருக்கிறது. வைத்தியத்துக்கு நாய், என் கண்ணை மறைக்க அந்தச் சிரிப்பு. இத்தனை நாளும் நடித்திருக்கிறார். இப்படி ஒரு மடையனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்குக் கோபம். கோபம் என்பது பொய். பயம்.

இறைச்சி வேகவே இல்லை. யாரும் சாப்பிடவில்லை.

13 அக்., திங்கள்

நாகர்கோவில் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப்பெண். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று முதல் கேள்வி. குச்சியால் பாதத்தைக் குத்தினாள், இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் போகும். பாதம் தப்பும், இனி தள்ளிப்போடாவிட்டால்.

"வீட்ல நீங்க கவனிக்கலியாம்மா?"

நான் தையல் டீச்சர். பிள்ளைகளின் ஓரமடிப்பில் ஒரு தையல் பிசகினாலும் பிரிக்கச் சொன்னவள்.

18 அக்., சனி

விரல் இல்லாமல் வீடு வந்தார். நல்ல மழை. நாயைப் பின்பக்கம் கட்டியாச்சு. ஊளை.

தங்கம் அக்கா ஆரஞ்சோடு வந்தாள். "பாசத்துல அழுது, பாவம்." கட்டுப்போட்ட புண்ணின் வாசனைக்கு அழுகிறது என்றேன். முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும்.

இவரும் விடவில்லை. "அதுதான ஏட்டி உனக்குக் காட்டிக்குடுத்துது."

"காட்டிக்குடுக்கல்ல. தின்னப் பாத்துது."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

20 அக்., திங்கள்

மழை இல்லை. பக்கத்து வீடுகளில் தீபாவளி வெடி. பி. கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில், இளவரசரின் தைரியம் இவ்வளவுதான். கட்டு மாற்றினேன். புண் சிவப்பாக இருக்கிறது, அது நல்லதாம்.

மற்ற காலையும் தினம் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள் டாக்டர். இவருக்கு எரிச்சல். "அந்தக் காலு கல்லு மாதிரி இருக்கு." கண்ணை மூடச் சொன்னேன். நடிப்பு இனி வேண்டாம், தொட்டால் தொட்ட இடத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றேன். மூடினார். வலது பெருவிரலை அழுத்தினேன். அடிப்பாதம். குதிகால். திரும்பவும் பெருவிரல், நகம் பதிய.

"ஏட்டி," என்றார் கண்ணைத் திறக்காமல், "எவ்வளவு நேரமாக்கும் மூடிட்டு இருக்கது, தொடு."