மூச்சுத்துளை இடாதிருக்க

மழை பொழிக, வயல் விளைக, கோல் கோணாதிருக்க! வேங்கைநாடாளும் அரசி நன்னுதல் தேவியாரின் முத்திரை தாங்கிய நீர்நிலை அமைச்சன் கடம்பன், அரசியேரிக் கரையில் எங்களை மீட்கப் பாறை துளைக்கும் சேனைத்தலைவர் உதியனாருக்கு விடுக்கும் ஓலை. நும் குடியும் படையும் நலம் பெறுக.

மதகைப் பார்வையிட இறங்கினோம். பலகை முறிந்து ஏரி உட்புகுந்தது. கல் சரிந்து வெளிவாயை அடைத்தது. இவ்வோலையை இட்ட மூங்கில் குழாய் நீரோடு நழுவிப் போகும் இடுக்கு மட்டுமே மிச்சம். நானும் கல்தச்சன் பூதனும் மதகாட்கள் மூவரும் பாறையறையின் உச்சியில் ஒண்டியிருக்கிறோம். விளக்கில்லை. விரலால் தடவிக் கீறுகிறேன். எழுத்தின்மேல் எழுத்து ஏறியிருப்பின் பொறுத்தருள்க.

மண்ணுள் சிக்கியவர்க்கு முதலில் மூச்சுத்துளை இடுவது நம் நாட்டு வழக்கம். நும் உளியோசை அதற்கென்றே அறிவேன். அத்துளை எங்களைக் கொல்லும்.

பாதி அறையை விழுங்கியபின் நீர் தானே நின்றது. ஏன் நின்றது என்று நெடுநேரம் எண்ணினேன். காதுகளின் வலியே விடை சொன்னது. கொல்லன் துருத்தியின் வாயை இறுகக் கட்டி அழுத்திப் பாரும். உள்ளிருக்கும் காற்று பாதியாய்ச் சுருங்குகையில் இருமடங்கு வலுவோடு கையைத் தள்ளும். இங்கே ஏரியே அந்தக் கை. போக வழியற்று ஒடுங்கிய காற்றுதான் அதைத் தடுத்து நிற்கிறது. நீவிர் துளையிட்டால் காற்று சீறி வெளியேறும்; அது விட்ட இடத்தை ஏரி நிரப்பும்.

“ஒரேயொரு தட்டாவது தட்டுகிறேன், இல்லையேல் நம்மைப் பிணமென்று எண்ணிச் சோறுண்ணப் போய்விடுவார்கள்” என்று பூதன் கெஞ்சினான். தட்டினால் நாங்கள் இருக்குமிடம் தெரிந்து உளி நேரே இங்கு வருமென்று அவன் சுத்தியலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஐவரும் வாய்மூடி, நெருங்கிவரும் நும் அன்பைக் கேட்டபடி இருக்கிறோம்.

ஆகவே ஆணை: உளி இக்கணமே நிற்க. மிகைநீர் வழியும் கலிங்கின் கற்களைப் பெயர்த்து ஏரியை வடிக்க. கீழ்வயல்கள் இப்பருவம் வாடும். உழவர் கேட்டால் என் பெயரைச் சொல்லுக. வெளியே நீர் இறங்க இறங்க உள்ளேயும் இறங்கும், எங்கள் காதும் ஆறும். அப்போது சுத்தியலைப் பூதனிடம் கொடுப்பேன். அவன் தட்டும் இடத்தில் துளையிடுக, அதற்குமுன் வேண்டா.

உளியோசை நின்றால் ஓலை சேர்ந்ததென்று அறிவோம்.

கைச்சூட்டில் இளக்கிய தேன்மெழுகில் தேவியாரின் முத்திரை பதித்தேன். உளியோசை இன்னும் கேட்கிறது.