யானை வேலிக்கு நான் வார்த்த கட்டைகள்

7 ஜனவரி, செவ்வாய்

உன்னிச்சையில் யானை வேலிக்குக் கடைசிக் கட்டையும் நட்டாயிற்று. உடைந்த கதிரை, போத்தல் மூடி, ஓட்டை வாளி என்று ஊரார் வாவிக்கரையில் வீசியதெல்லாம் எங்கள் கொட்டிலில் உருகிக் கட்டையாகி, இப்போது தங்கச்சி விதுர்ஷாவின் வயலைச் சுற்றி நிற்கிறது. கறையான் அரிக்காது. பிளாஸ்டிக்கில் கரண்ட் பாயாது, அதனால் மின்கம்பியை நேரே கட்டலாம். மெஷினைச் செய்த ஸியாம் நானா காண்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லித் திரிகிறார். நானும் சொன்னேன்தான்.

ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. கதிர் முற்றும் காலத்தில் விதுர்ஷா குழந்தையோடு இங்கே வந்துவிடுவாள். இந்த முறை வரமாட்டாளாம். வேலி இருக்கிறதாம். வயலுக்குள் அந்த ஒற்றை அறை வீடு, தவழத் தொடங்கிய பிள்ளை. எல்லாம் என் கட்டையை நம்பி.

10 ஜனவரி

நித்திரை இல்லை. போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

14 ஜனவரி, பொங்கல்

தனியன் யானை ஒன்று வந்து கம்பியில் முட்டி ஓடிவிட்டதாம். விதுர்ஷாவின் புருஷன் நிலோஜன் சிரித்துச் சிரித்துச் சொன்னான். ஸியாம் நானாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. எனக்குப் பொங்கல் இறங்கவில்லை. அது கம்பியைத் தொடாமல் வந்தால்?

18 ஜனவரி, சனி

வந்துவிட்டது.

கம்பியை விட்டுவிட்டுக் கட்டையில் காலை வைத்துத் தள்ளியிருக்கிறது. கட்டை படாரென்று முறிந்துவிட்டது. கரண்ட் பாயாது, கரண்ட் பாயாது என்று நாங்கள் பீற்றிக்கொண்டதை அந்தச் சீவன் நாலு நாளில் கண்டுபிடித்துவிட்டது! வீட்டுச் சுவருக்குக் கிட்ட நின்று வெள்ளாமையைத் தின்றதாம். குழந்தை அழுதுவிடாமல் விதுர்ஷா அதன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாளாம். நிலோஜன் யானைவெடி போட்டுத்தான் கலைத்திருக்கிறான்.

வாடி இங்கே என்று கத்தினேன். அவள் ஆறுதலாகச் சொல்கிறாள்: "எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க அக்கா. நாங்களே ஓடினா உங்கட கட்டைய ஆரு நம்புவாங்க?"

எனக்கு ஆர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன. விசரி.

20 ஜனவரி

முறிந்த துண்டைப் பார்த்துவிட்டு ஸியாம் நானா, யானைக்கும் அடி சறுக்கும் என்றார். சறுக்கியது யானையில்லை, நாங்கள்தான் என்று சீறிவிட்டேன். பாவம், துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர்தான் சொன்னார், வன்பிளாஸ்டிக் மட்டும் போட்டது பிழை என்று. ஷொப்பிங் பேக் மாதிரி மெல்லியதையும் கலந்தால் கட்டை முறியாமல் வளையும். கட்டையிலிருந்து வெளியே நீட்டினாற்போலக் கம்பி முள்ளு வைத்து அதிலும் கரண்ட் விட்டால் கால் கிட்ட வராது. ஏன் முதலே யோசிக்கவில்லை? கேட்கவில்லை. நானும்தானே யோசிக்கவில்லை.

25 ஜனவரி, சனி

புதுக்கட்டைகளை நட்டோம். நிலோஜன் முழுப்பலத்தோடு தள்ளினான். வளைந்து நிமிர்ந்தது. ஆனால் நிலோஜன் யானையில்லையே.

பக்கத்து வயல்காரர் வினாயகமூர்த்தி அண்ணன் நாள் முழுக்க எங்களோடு நின்று கிடங்கு தோண்டினார். போகும்போது, தன் பக்கத்துக்கும் கட்டை வேண்டும் என்று கேட்டார். மெல்லிய பிளாஸ்டிக் கையில் இல்லை, வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்றேன். ஓம் என்று சிரித்தார்.

28 ஜனவரி

பிள்ளையார் அப்பா, அது அங்கே போகாமல் இருக்கட்டும். எங்கே போனாலும் போகட்டும், அங்கே மட்டும் போகவேண்டாம்.

31 ஜனவரி, வெள்ளி

விடியவே விதுர்ஷாவின் போன். யானை வந்திருக்கிறது. காலைத் தூக்கியிருக்கிறது, கம்பி முள்ளு பட்டு வீறிட்டிருக்கிறது. ஒரு கட்டையும் முறியவில்லை. வேலியோரமாகவே நடந்து போய்விட்டதாம். குழந்தை முழிக்கக்கூட இல்லையாம்.

அழுதேன். ஸியாம் நானா பார்க்காத மாதிரி மெஷினைத் துடைத்துக்கொண்டு நின்றார். இன்றைக்குச் சோறு இறங்கியது.

2 பெப்ரவரி, ஞாயிறு

விதுர்ஷாவின் வேலி முடிந்தால் அடுத்தது வினாயகமூர்த்தி அண்ணனின் வயல்.

விடியப்புறம் வாய்க்காலுக்குப் போனவரை அடித்துவிட்டது.

4 பெப்ரவரி, செவ்வாய்

செத்த வீட்டுக்குப் போனேன். ஏசுவார்கள் என்று பயந்துகொண்டுதான் போனேன். ஏசியிருந்தால் நல்லது. அவர் பெண்சாதி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினா. பிறகு கேட்டா: "அவரு கேட்ட கட்ட எப்ப புள்ள வரும்?"

இந்தக் கிழமையே என்றேன். வேறென்ன சொல்ல?

திரும்பும் வழியில், வினாயகமூர்த்தி அண்ணனின் வயலுக்கு அங்கால் ஆர் இருக்கிறார்கள் என்று நிலோஜனிடம் கேட்டேன்.

"நாலஞ்சு குடும்பம் இருக்கு மச்சாள்," என்றான். "ஏன் கேக்கிறீங்க?"