கத்தியோடு ஓடிவந்தவன்

காரைக்கால்,
மாசி மாதம், 1983

அன்புள்ள பஞ்சநாதனுக்கு,

சித்தப்பா குஞ்சிதபாதம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மர்சேயில் உன் சுகத்தையும் வேலை விவரத்தையும் அறிய ஆவல். சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து பூத்திருக்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் மகள் வரிச்சிக்குடியில் அம்மாவோடு தாத்தா வீட்டில் ஓடியாடுகிறாள். நீ பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது.

அஞ்சுகம் உன்னிடம் வர விமானம் ஏற மாட்டேன் என்கிறாள் என்று உன் மாமனார் முத்தையன் எழுதியிருப்பார். காரணத்தை எழுதியிருக்க மாட்டார். சம்பந்திக்குக் காட்டும் மரியாதை அது. காரணம் நான்தான்.

போன வருஷம் உன்னிடம் வந்து தங்கி, நீ வடித்துப் போட்டதைத் தின்றுவிட்டு வந்தேன். வந்ததும் ஒரு வாரப் பத்திரிகையில் பயணத் தொடர் எழுதினேன். தபால் செலவைச் சாக்காக வைத்து அதை உனக்கு அனுப்பாமலே இருந்துவிட்டேன். துறைமுகத்து மீன் கடையில் என் பையை மறந்து வைத்துவிட்டு வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மீன் வெட்டிக்கொண்டிருந்த ஆள் கத்தியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் பின்னாலேயே ஓடிவந்து பையைக் கொடுத்தான். நீ அவனோடு பேசிச் சிரித்தாய்.

நான் எழுதும்போது, கத்தியோடு ஒருவன் என்னைத் துரத்தி வருகிறான் என்ற இடத்தில் நிறுத்தித் 'தொடரும்' போட்டேன். பையைப் பற்றி அடுத்த வாரம் எழுதத்தான் இருந்தேன். அதற்குள் கடைத்தெருவில் கண்டவரெல்லாம் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தொண்டை வறளப் பாடம் நடத்தியபோது ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பையைக் கொடுத்தான் என்று எழுதினால் சப்பென்று போய்விடும் என்று தோன்றியது. எப்படியோ தப்பித்தேன் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, கதையை மலைமேல் இருக்கும் மாதா கோயிலுக்கு நகர்த்திவிட்டேன். பிறகு சந்து பொந்து, குடிகாரன், இருட்டு என்று வாராவாரம் சேர்த்துக்கொண்டே போனேன். அந்த ஊரில் எனக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை, தம்பி.

அஞ்சுகம் ஒரு வாரம்கூட விடாமல் தொடரைப் படித்திருக்கிறாள். நீ வேலைக்குப் போய் வரும் வழி அந்தத் துறைமுகத் தெருதானே என்று பயந்து, சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு போய் உனக்காக எள் தீபம் போடுகிறாள்.

போன ஞாயிறு வரிச்சிக்குடி போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அச்சில் வந்ததை ஊரே படித்துவிட்டது, இப்போது வாயால் சொல்வதை வைத்து என்ன செய்வது என்று முத்தையன் மெல்லக் கேட்டார். அஞ்சுகம் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "ஒங்க மகள அந்த ஊருக்கு அனுப்புவீங்களா மாமா?" என்றாள்.

அனுப்புவேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சுரக்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகளை அந்தத் தெருவில் தனியாக நினைத்துப் பார்த்தேன். நானே கட்டிவிட்ட கதை என்று தெரிந்தும் பயந்துவிட்டேன். அஞ்சுகம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். தொடர் முடிந்துவிட்டது, இனி இடமில்லை என்று கார்டு வந்தது. அவளுக்கும் குழந்தைக்கும் பாண்டிச்சேரியில் வாங்கிய விசா சித்திரையோடு முடிகிறது. நீ லீவு போட்டு வந்து கூட்டிப்போ. முதலாளி கோபிப்பார், சம்பளம் போகும், எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். அந்த ஊரை நம்பி வா என்று அவளிடம் சொல்ல உன்னால்தான் முடியும்.

வந்தால் என் வீட்டுப் படி ஏற வேண்டாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பெண்டாட்டியும் குழந்தையுமாக நீ அங்கே ஒரு வீட்டில் விளக்கேற்றி இருக்கிறாய் என்று யார் மூலமாவது என் காதில் விழுந்தால் போதும். உன்னை ஆசீர்வதிக்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் ஆசீர்வதிக்கிறேன். மூவரும் நன்றாக இருங்கள்.

உன் சித்தப்பா,
குஞ்சிதபாதம்