இரும்பு என்று நான் அழைத்த பெண்

ஆடித் திங்கள், செவ்வாய் இரவு. நடுவட்டம்.

அவையோரே என்று விளிக்க இங்கு எவருமில்லை. குற்றம் புரிந்தவனும் நானே, குற்றஞ்சாட்டுபவனும் நானே.

மண்சரிவில் கணவனை இழந்த தேயிலைத் தொழிலாளி செல்வி, பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே கொழுந்து பறிக்க வந்தாள். ஞாயிறன்று தோட்டத்துக் கூட்டத்தில் அவளை மேடையேற்றி, "இதோ, இரும்பு மனம்!" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

இன்று கடைவீதியில் என்னை மறித்தாள்.

"ஏனுங்கய்யா, என்னைய இரும்புன்னு சொல்லிப்போட்டீங்க. மனசுக்கு வைத்தியம் பாக்கற டாக்டரம்மா லிஸ்ட்ல எம்பேரை ஆபீசுல அடிச்சுட்டாங்க. 'நீதான் இரும்பாச்சே, உனக்கெதுக்கு?'ன்னு சிரிக்கறாங்க. கண்ணை மூடுனா மண்ணு சரியற சத்தம் கேக்குதுங்க. லீவு போட்டா எஸ்டேட்டுல குடுத்த லைன் ஊட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்கன்னுதான் வேலைக்கே வந்தேன்."

மீண்டெழும் ஆற்றல் பிறவிக் குணம் அன்று. உறக்கமும் கூரையும் உடனிருப்போரும் சேர்ந்து ஊட்டுவது அது என்கிறது உளவியல். படித்திருந்தேன். அதற்குக் கைதட்டல் கிடைக்காதென்று மேடையில் மறைத்தேன். முப்பது ஆண்டு மேடைப் பேச்சில் இன்னும் எத்தனை பேரை இப்படிப் புகழ்ந்து தனியே விட்டேனோ? எண்ணிப் பார்க்கவும் துணிவில்லை.

மருத்துவர் நாளைக் காலை பத்துக்கு வருகிறார். அதன்பின் அடுத்த மாதம்தான்.

எனக்கு நானே இடும் ஆணை இது: ஒன்பதுக்கே அலுவலக வாயிலில் நில். மேடையில் பேசியது பொய் என்று எல்லோர் முன்னும் சொல். அவள் பெயரை மீண்டும் எழுதும்வரை அங்கிருந்து நகராதே.