பாலத்தின் மீதிப் பாதி

மச்சி,

நேற்று சாயங்காலம் எங்கள் அடையாறு வீட்டுப் படிக்கட்டில் பவுடர் வாசனை. மகள் நித்யா தன் பிள்ளைகள் இரண்டையும் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். புனேயிலிருந்து வந்து இறங்கிய அன்றே அதுகளுக்குக் கடல் பார்த்தாக வேண்டும். பைகளை வாங்கிக்கொள்ளலாம் என்று நான் கீழே இறங்கினேன். அதற்குள் அவள் இரண்டையும் கடைசிப் படியில் உட்காரவைத்து, கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, கால்களில் தாராளமாகத் தூவி, உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாத மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதை உனக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தா?" என்று பேத்தி கேட்டாள்.

"எங்க மாமா" என்றாள் நித்யா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பைகளை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். உன் தங்கை என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "எங்கண்ணன் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு. இன்னுமா அவன்கூட மல்லுக்கட்டுறீங்க?" என்றாள்.

ஆமாம், மல்லுக்கட்டுகிறேன். நீ இருந்தபோது பட்ட பொறாமையை, நீ போனதும் உன்னோடேயே அனுப்பிவைத்துவிட முடிந்ததா என்ன? அது இங்கேதான் இருக்கிறது, தினமும் என்னோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு.

நந்தனத்தில் ஒன்றாகப் படித்த காலத்தில் எல்லோரையும் போல உன்னையும் மச்சி என்றுதான் கூப்பிட்டேன். பிறகு உன் தங்கையைக் கட்டிக்கொண்டு உன்னை நிஜமாகவே மச்சானாக்கிக்கொண்டேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியவில்லை. வேலை என்னை நாக்பூருக்குத் தூக்கிப்போட்டது. நீ மயிலாப்பூரிலேயே இருந்துவிட்டாய். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் நித்யாவோடு உன் வீட்டில் வந்து இறங்குவோம். நானும் கோபாலபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். இது எனக்கும் ஊர்தான். என் மகளுக்கு என் ஊரை நான் காட்ட வேண்டும் என்று ரயிலில் வரும்போதே எவ்வளவு திட்டம் போட்டிருப்பேன் தெரியுமா? சென்ட்ரலில் இறங்கியதும் அவள் என் கையை உதறிவிட்டு உன்னிடம் ஓடுவாள். அதற்கப்புறம் ஊர் முழுக்க நீ முன்னால், அவள் உன் தோளில், நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால்.

அவளுக்குக் காது குத்தியது உன் மடியில். தாய்மாமன் மடிதான் முறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழுகை நின்று, பாயசம் குடித்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகும் அவள் அந்த மடியை விட்டு இறங்கவில்லையே, அது எந்த முறையில் சேர்த்தி? நான் வா என்று கூப்பிட்டேன். "அப்பா வேணாம்" என்றாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

உன்னிடம் இருந்த சரக்கெல்லாம் பொய். சாந்தோம் தேவாலயத்தின் முன்னால் நின்று நான் போர்ச்சுகீசியர் வந்த கதையை ஆரம்பிப்பேன். நீ குறுக்கே புகுந்து, "அதெல்லாம் இல்லம்மா. இந்தக் கோபுரத்துக்குக் கடல் தெரியும். அங்க கபாலி கோயில் கோபுரத்துக்குக் குளம் தெரியும். சாயங்காலம் ஆனா ரெண்டும் அன்னிக்குப் பார்த்ததைப் பேசிக்கும்" என்பாய். கலங்கரை விளக்கம் ஏன் சுற்றிச் சுற்றி வெளிச்சம் அடிக்கிறது என்று அவள் கேட்டால், இன்னும் வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் யார் யார் என்று பார்க்கிறதாம். அதுவரை மணலை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள் சட்டென்று செருப்பைத் தேடுவாள். நான் அரை மணி நேரமாகக் கெஞ்சியிருப்பேன்.

அடையாறு கடலில் சேரும் இடத்தில் பாதியோடு நிற்கிற பாலத்தை அவளுக்கு முதலில் காட்டியதும் நீதான். மீதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நான் சொன்னேன். அதுதான் உண்மை. "இன்னா மச்சி, புள்ளைய லீவுக்குக் கூட்டினு வந்து பாடம் எடுக்கிறே?" என்று என்னை ஓரங்கட்டிவிட்டு, நீ அவள் காதருகே குனிந்து சொன்னாய்: "அது அக்கரைக்குப் போய்க்கினு இருந்துச்சும்மா. நடுவுல கடலைப் பாத்துச்சு. அப்படியே நின்னுடுச்சு." அவள் அந்தப் பாலத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி என்னை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும் எனக்கு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாங்கள் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வருஷம் நீ நெஞ்சுவலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அழுதேன் மச்சி. உன் தங்கையைவிட அதிகமாக அழுதேன், அவளைக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு நினைப்பு ஓடியது. பேரப்பிள்ளைகளுக்காவது இந்த ஊரை நான் காட்டலாம்.

இன்று அதற்கு வாய்த்தது. நித்யா கார் ஓட்ட, பிள்ளைகளோடு நான் பின்னால் உட்கார்ந்து மயிலாப்பூருக்குப் போனோம். நேற்றே அவள் அதுகளுக்கு அந்தப் பாதிப் பாலத்தைத் தூரத்திலிருந்து காட்டி, உன் கதையையும் சொல்லியாகிவிட்டது. சரி, மயிலாப்பூராவது மிச்சமிருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

இப்போது வந்தால் உன் மயிலாப்பூர் உனக்கே அடையாளம் தெரியாது. நீ போன பிறகு மெட்ரோ ரயிலுக்காகத் தோண்ட ஆரம்பித்தார்கள். லஸ் பக்கம் எங்கே பார்த்தாலும் தகரத் தடுப்பு, கிரேன், திருப்பிவிடப்பட்ட தெருக்கள். கார் நகரவே இல்லை.

"ஏன் தாத்தா இவ்ளோ ஆழமாத் தோண்டுறாங்க?" என்று பேத்தி கேட்டாள்.

பூமிக்கடியில் சுரங்கம் குடையும் இயந்திரத்தைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். நான் ஆரம்பிக்கும் முன்பே பேரன் கொட்டாவி விட்டான். என்ன தோன்றியதோ, "நேத்து பாதிப் பாலம் பார்த்தீங்கல்ல? அதோட மீதிப் பாதி காணாமப் போச்சே, அதைத்தான் தேடுறாங்க" என்றேன்.

இரண்டும் ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டன. "கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல. அது மண்ணுக்கு அடியில மெதுவா நடந்து வந்துட்டு இருக்காம்."

பேரன் கை தட்டினான். பிள்ளைகளிடம் நான் சொன்ன முதல் நல்ல பொய் அது. அரசாங்க விருது வாங்கினவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முன்னாலிருந்து நித்யா சிரித்தாள். "இது மாமா சொன்னதுதானேப்பா? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வாழ்க்கையில் ஒரே ஒரு பொய். அதையும் நீ கொண்டுபோய்விட்டாய். "மாமா எப்படிம்மா சொல்லியிருப்பான்?" என்று சீறினேன். "அவன் போனப்புறம்தானே இங்க தோண்டவே ஆரம்பிச்சாங்க!"

சரியான பதில்தான். சொல்லி முடித்த பிறகுதான் முன்னால் பார்த்தேன். நித்யா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமால்ல" என்றாள். "மாமா இதெல்லாம் பார்க்கவே இல்லல்ல." முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது. அவள் நகர்த்தவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அப்ப இது நீங்களா சொன்னதாப்பா?"

"நான்தான்."

கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்த அதே பார்வை மச்சி. அத்தனை வருஷம் நான் காத்திருந்தது. கொஞ்சம் கண்ணீரோடு வந்தது, அதுவும் உனக்காக வந்த கண்ணீர். அதையும் சேர்த்தே வாங்கிக்கொண்டேன்.

"இன்னொண்ணு சொல்லு தாத்தா" என்று பேத்தி என் சட்டையை இழுத்தாள். என்னிடம் எங்கே இருக்கிறது இன்னொன்று? வேறு வழியில்லாமல் உன் கலங்கரை விளக்கத்தை எடுத்துச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

சாயங்காலம் மெரினாவில் இருட்டத் தொடங்கி, விளக்கு முதல் சுற்று சுற்றியதும் பேத்தி தானாகவே எழுந்தாள். "டேய் வா, நம்மளைத்தான் பார்க்குது. தாத்தா சொன்னாரு" என்று தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தாள். தாத்தா சொன்னாராம். நித்யா காதிலும் அது விழுந்தது. உனக்காக ஏதாவது சொல்லப்போகிறாள் என்று பயந்துகொண்டே நின்றேன். அவளோ கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கார் கதவைத் திறந்துவைத்து, பேத்தியின் கால்களை என் மடியில் போட்டுக்கொண்டேன். அளவு தெரியாமல் கொட்டினேன். புகைபோலக் கிளம்பி அவளுக்குத் தும்மல் வந்தது, என் பேன்ட் வெள்ளையாகிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த நித்யா, "குடுங்கப்பா, நான் போடுறேன்" என்று கை நீட்டினாள்.

"அம்மா வேணாம்" என்றது பிள்ளை.

நான் சிரித்தேன். அன்றைக்கு நீ சிரித்த மாதிரியேதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கை கழுவியும் இதை எழுதும்போது விரல்களில் அந்த வாசனை இருக்கிறது. உன் பொய்யும் ஒன்று என்னிடம் இருக்கிறது. திருப்பித் தருவதாக இல்லை. எங்கேயாவது இருந்து நீ பார்த்துக்கொண்டிருந்தால், உனக்கும் கொஞ்சம் வயிறு எரியட்டும்.