சம்பந்தி கடைக்குப் போன புயல் மூட்டைகள்

நெய்வேலி,
1.11.2015

அன்பு மகள் எழில்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மானம்தான் கொஞ்சம் படுத்திருக்கிறது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாயிருக்க வள்ளலாரை வேண்டுகிறோம். போனில் சொல்ல வந்தால் உன் அம்மா பாதியில் பிடுங்கிப் பேசிவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

தானே புயலில் கடையெல்லாம் மூடிக்கிடந்து திண்டாடியதிலிருந்து நம் பிளாக்கில் எல்லா வீட்டுக்கும் சேர்த்துத் துவரம்பருப்பு வாங்கி, மழைக்காலம் முடியும்வரை நம் குவார்ட்டர்ஸில் வைக்கிறோமே, அந்தப் புயல் மூட்டைகள் இந்த வருஷமும் வந்தன. வந்த நேரம் பார்த்துப் பருப்பு விலை ஏறி, பதுக்கல் பிடிக்கிறார்கள் என்று டிவியில் ஓயாமல் காட்டினார்கள். அதே அரசாங்கம் ஆட்டோவில் மைக் கட்டி, மழை வருகிறது, உணவுப் பொருள் சேர்த்து வையுங்கள் என்றும் சொல்லிக்கொண்டு போகிறது. சேர்ப்பதா ஒளிப்பதா, யாரைக் கேட்பது? என்னோடு மைன்ஸில் ஷிப்ட் பார்க்கும் தங்கராசு, "அண்ணே, பெர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ்ல மூட்டையோட மாட்டுனா சஸ்பெண்டுதான்" என்று கொளுத்திப் போட்டான். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட என் மூளை அப்போது பார்த்து வேலை செய்தது. மூட்டை மளிகைக் கடையில் இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள் என்று, வடலூரில் உன் மாமனார் கடையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தேன்.

இவ்வளவு பருப்புதான் இருப்பு வைக்கலாம் என்ற வரம்பு வியாபாரிக்குத்தானாம், வீட்டுக்கு இல்லையாம். வியாழக்கிழமை அதிகாரிகள் உன் மாமனார் கடைக்கு வந்து எடை போட்டார்கள். அவர் சரக்கு மட்டும் என்றால் சரியாக இருந்திருக்கும், நம் மூட்டைகளால் வரம்பு தாண்டி, பருப்பு முழுக்கப் பறிமுதல். "வூட்ல இருந்தா சாப்பாடு, கடையில இருந்தா பதுக்கலாம் சம்பந்தி, அப்பிடித்தான் சொல்லிக்கினு போறாங்க" என்றார் உன் மாமனார். லைசென்ஸ் போகும்போலிருக்கிறது. ஆனால் மனிதர் அத்தனையும் தன் சரக்கு என்றே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பெண் கொடுத்த வீட்டை இதில் இழுக்கக் கூடாதாம், மாப்பிள்ளைக்கும் சொல்லக் கூடாதாம். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு அதிகாரிகளைவிட எரிச்சலாக இருக்கிறது, நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

நாளை கடலூரில் விசாரணை. வர வேண்டாம் என்கிறார், நான் லீவு போட்டுவிட்டேன். சாட்சிக்கு பிளாக்கில் எல்லோரையும் கூப்பிட்டேன், ஆண்களுக்கெல்லாம் திடீரென்று ஷிப்ட் வந்துவிட்டது. மாடி வீட்டு ராஜாம்பாள் அக்காதான், "எங்க சோத்துக்கு எங்களத்தான் கேக்கணும்" என்று பெண்களைத் திரட்டிக்கொண்டு வருகிறார். மூட்டை என்னுடையது என்று நான் எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். அப்புறம் என்னை என்ன செய்கிறார்களோ செய்யட்டும். இது உன் கைக்கு வரும்போது தெரிந்திருக்கும்.

மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. மூவரும் ஒரு குறையுமில்லாமல் வாழ எங்கள் ஆசீர்வாதம். கடிதம் கிடைத்ததும் உன் மாமியாருக்குப் போன் செய், மறக்காதே. இன்றைக்கு என்ன குழம்பு என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் அப்பா,
குஞ்சிதபாதம்