விரலை எடுக்காத நேரம்

சனிக்கிழமை இரவு, பாக்கார் ஆராங்

இன்று என் குட்டி கிட்டாரான உக்குலேலேயில் ‘சஸ் ஃபோர்’ கார்ட் என்ற சுரக்கூட்டைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சி கார்டைப் பிடித்தபடியே ஆள்காட்டி விரலை இரண்டாவது கம்பியில் வைத்தால் போதும். மீட்டினால் ஓசை முடியாமல் அந்தரத்தில் நிற்கிறது. அந்த விரலை எடுத்தால்தான் அது இறங்கி வரும் என்று போனில் பாடம் நடத்தும் பெண் சொன்னாள். எனக்கு எடுக்க மனம் வரவில்லை. மழை விட்ட சாயங்காலம். வாசலில் உட்கார்ந்து அதையே மீட்டிக்கொண்டிருந்தேன். உடம்பே எடையில்லாமல் மிதப்பது போலிருந்தது.

திடீரென்று பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் செல்வி அக்காவின் தலை தெரிந்தது. என் கேட்டை மறைத்து அவர் தன் கெரேத்தா வண்டியை நிறுத்தியதில் வந்த சண்டைக்குப் பிறகு, தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும்கூடப் பலகாரத் தட்டு அந்தச் சுவரைத் தாண்டவில்லை.

“ஏய் ரீத்தா, அத முடிச்சுத் தொல லா! எவ்ளோ நேரம் தொங்க விடுவ? எனக்குச் சமைக்கவே ஓடல.”

பதறி விரலை எடுத்தேன். சி கார்ட் ஒலித்தது. அக்கா கண்ணை மூடி மூச்சு விட்டார்.

“ஹா, இப்பதான் நல்லாருக்கு. இன்னொருவாட்டி வாசி.”

வாசித்தேன். இந்த முறை வேண்டுமென்றே விரலை எடுக்காமல் அவரையே பார்த்தேன். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளேயிருந்து தீய்ந்த வாடை வந்தது.

“அக்கா, கறி தீயுது.”

“தீயட்டும். நீ விரல எடு.”

எடுத்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் அடுப்படிக்கு ஓடினார். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. கண் சொருகுகிறது. நாளை நானே போய் அக்காவை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுதான்...